முகூர்த்த மூட்டை தேவசகாயம்

செவிலிமேட்டில் ஒரு புது வீட்டு வாசலில் சுண்ணாம்பு இறக்கிக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்துச் சிமெண்ட் கடையின் டெம்போ வந்து என் மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கி என்னிடம் தீப்பெட்டி கேட்டான். கொடுத்தேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, கத்தரிக்காய் விலை சொல்கிறவனைப் போல, "உன் குடோன் ராஜா பூட்டாராம்பா, காலையில" என்றான்.

எந்த ராஜா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பட்டத்தைக் கட்டினவனே நான்தான். இனிமேல் நீ கிண்டல் பண்ண ஆள் இல்லாமல் போச்சே என்று சொல்லி அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். யாராவது சிரித்தால் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவது எனக்குப் பழக்கம். அவன் போன பிறகு மீதிச் சுண்ணாம்பை இறக்கினேனா, அப்படியே ஓட்டிக்கொண்டு போனேனா என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

தேவசகாயம் அண்ணன் காலமாகிவிட்டார். அவரோடு அதிகம் அலைந்தவன் நான் என்பதால், நம் வண்டித் தொழிலாளர் சங்கத்தார் நினைவுத் தாளில் போட நாலு வரி கேட்டார்கள். நாலு வரியில் அடங்காது. அவரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது பொய். அதைக் கழுவவே நாலு வரிக்கு மேல் ஆகும். அவரைத் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே உண்மையைச் சொல்லிவிடலாம்.

அண்ணன் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. கிறிஸ்தவக் குடும்பம். சின்ன வயதில் மதராஸ் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போய், அங்கேயே குடோன் வேலை பழகி, ஞானம்மா அக்காவைக் கட்டின பிறகு காஞ்சிபுரம் வந்து சேர்ந்தார். இங்கே ஒரு பெரிய இரும்பு, சிமெண்ட் கடையில் குடோனைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. கடைப் பேரை எழுதப்போவதில்லை. எழுதினால் விளம்பரமாகிவிடும்.

வீடு கட்ட என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்தக் கடையில் கிடைக்கும். கிடைக்கும் என்றால், குடோனுக்குள் எங்கேயாவது கிடக்கும். தாழ்ப்பாள் தேடிப் போனவனைத் தேட இன்னொருவன் போவான். புதுசாக வந்த சிமெண்டைப் பழசுக்கு முன்னால் போட்டுவிடுவார்கள். கைக்கு எட்டுவது புதுசு, அதுவே வண்டி ஏறும். பின்னால் கிடக்கிற பழசு சுவர் ஈரத்தில் உட்கார்ந்து கல்லாகிவிடும். சாக்கை உரித்துவிட்டு வாசற்படியாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வீட்டுக்காரரிடம் சொல்லி நான் முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கம்பி போகும், கம்பியைக் கட்டுகிற கட்டுக்கம்பி போகாது. ஓடு போகும், ஓட்டைத் தாங்குகிற சட்டம் போகாது. கொத்தனாரும் வீட்டுக்காரரும் கூடி நின்று வைகிற வசவு மட்டும் குறையில்லாமல் வந்து சேரும், வண்டி ஓட்டி வந்த எனக்கு.

அண்ணன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் குடோனுக்குள்ளேயே போகவில்லை. நேராக வந்து என் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே, குடோன் அந்தப் பக்கம் இருக்குது" என்றேன்.

"தெரியும்பா. நீ திட்டு வாங்குற இடத்தைப் பாக்கணும். ஓட்டு" என்றார்.

அந்த வாரம் முழுக்க என்னோடு வீடு வீடாக வந்தார். நான் திட்டு வாங்கும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். எனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசமாட்டார். இவரை எதற்கு ஏற்றிக்கொண்டு திரிகிறோம், திட்டு வாங்கக் கூட்டாளியாகவா என்று எனக்கே சலிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் குடோனுக்குள் நுழைந்தார்.

நுழைந்து, பின்பக்கம் மூடிக் கிடந்த கதவைத் திறக்கவைத்தார். புது மூட்டை பின்கதவு வழியாக வரும், பழைய மூட்டை முன்கதவு வழியாகப் போகும். எல்லாவற்றையும் சுவரைவிட்டுத் தள்ளி, பலகை மேல் ஏற்றினார். தினமும் போகிற சாமான் வாசலுக்குப் பக்கத்தில், எப்போதோ கேட்கிற சாமான் கடைசியில். அப்புறம் வாசலுக்கு உள்ளே தரையில் சாக்குக்கட்டியால் பெரிய பெரிய கட்டங்கள் போட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம். அந்த வீட்டுக்கு இன்றைக்குப் போக வேண்டியதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வந்து சேரும்வரை வண்டி நகரக்கூடாது.

"இன்னாண்ணே, பொம்பளைப் பிள்ளைங்க மாதிரி பாண்டி ஆடப்போறீங்களா?"

"ஆமா. ஆணிப் பொட்டலம் ஒண்ணு விட்டுப்போனாலும் நீதான் அவுட்டு."

எங்களில் பல பேருக்குப் படிக்க வராது. எனக்கே எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் கட்டத்துக்குள் பேர் எழுதமாட்டார், படம் போடுவார். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்து வீடு என்றால் ஒரு குடை. தறிக்காரர் வீடு என்றால் தறியில் குறுக்கே ஓடுகிற நாடா. என் சித்தப்பா வீட்டுக்கு ஓடு வாங்கினபோது கட்டத்துக்குள் ஒரு பெரிய மூக்கை வரைந்து வைத்திருந்தார். குடோனில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊரையே கிண்டல் பண்ணுகிற என்னைத் திருப்பி அடித்தவர் அவர் ஒருவர்தான். அன்றைக்குத்தான் அவருக்குக் குடோன் ராஜா என்று பட்டம் கட்டினேன்.

கட்டம் வந்த பிறகு நான் திட்டு வாங்குவது நின்றுபோனது. கொத்தனார்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. நம் ஊர் ஜனம் இருக்கிறதே, அஷ்டமி, நவமி, செவ்வாய்க்கிழமை என்றால் ஒரு செங்கல்லைக்கூட வாசல் ஏற்றாது. அன்றைக்கெல்லாம் குடோனில் நாங்கள் ஈ ஓட்டுவோம். நல்ல நாள் வந்தால் போதும், பெரிய காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேடுவரை அத்தனை பேருக்கும் அதே நாளில் அதே நல்ல நேரத்தில் சாமான் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். இருக்கிற வண்டியோ கொஞ்சம். ஒருவர் வீட்டுக்கு நேரத்தில் போனால் இன்னொருவருக்கு ராகு காலத்தில் போகும். அவர் மூட்டையை வாசலுக்கு வெளியிலேயே நிற்கவைத்துவிடுவார், சம்பந்தி வீட்டார் மேல் கோபம் வந்த மாதிரி.

இதற்குத்தான் அண்ணன் முகூர்த்த மூட்டையைக் கொண்டுவந்தார். ஊருக்கெல்லாம் தெரிந்த பேர் அது. யார் கொண்டுவந்தது என்பதுதான் மறந்துபோய்விட்டது. விஷயம் இவ்வளவுதான். நல்ல நேரத்தில் ஒரே ஒரு சிமெண்ட் மூட்டை, மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கோடு வீட்டுக்குள் போய் ஈசான மூலையில் உட்கார்ந்துவிடும். அதோடு அந்த வீட்டுக்குச் சாமான் வந்துவிட்டதாகக் கணக்கு. மற்றதெல்லாம் அஷ்டமியோ நவமியோ, வண்டி ஒழிகிற நேரத்தில் வந்து இறங்கும். அந்த ஒரு மூட்டையை அண்ணனே தோளில் தூக்கிக்கொண்டு போய் வைப்பார்.

முதலில் ஒரு பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மூட்டைக்கு மட்டும் நல்ல நேரம் பார்த்தால் மற்ற மூட்டை கோபித்துக்கொள்ளாதா என்றார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்: "கல்யாணத்துல முகூர்த்தத்துக்கு ஏறுறது தாலி ஒண்ணுதானுங்களே. சீர் பாத்திரமெல்லாம் முகூர்த்தம் பாத்தா வண்டியை விட்டு இறங்குது?" பெரியவர் மூட்டைக்கு மூலையைக் காட்டினார். அந்த வருஷமே ஊர் முழுக்க அது வழக்கமாகிவிட்டது. வீட்டுப் பெண்கள் அந்த மூட்டைக்கு ஆலம் சுற்ற ஆரம்பித்தார்கள். குடோன் எந்த நாளும் சும்மா இருக்கவில்லை, எந்த நாளும் மூச்சு முட்டவும் இல்லை.

அவருடைய சபையில் இது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம், திங்கட்கிழமை குங்குமமா என்று கேட்டார்கள். நானும் என் பங்குக்கு, "அண்ணே, உங்களுக்கு நரகத்துல தனிக் கட்டம் போட்டு வெச்சிருக்காங்களாம்" என்று சீண்டினேன். "நான் இன்னா கும்புடவா செய்யறேன்? நெரிசல் கொறையப் பொட்டு வெக்கிறேன்" என்றார். ஆனாலும் சபையில் அவரை முன்வரிசைக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, ஞானம்மா அக்கா சொன்னார்.

இதுவரைக்கும் எழுதினதை எழுதிவிட்டு இத்தோடு முடித்துக்கொள்ள ஆசை. சங்கத்தார் கேட்டதும் இந்த அளவுதான். ஆனால் மீதியையும் எழுதாவிட்டால் நானும் கடைக்காரனின் பொய்க்கு வேலை செய்தவன் ஆகிவிடுவேன்.

சிமெண்டுக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. மாதத்துக்கு எப்போதோ ஒரு லாரி வரும். அதே சமயத்தில் ஊருக்கு வெளியே ஒருவர் பெரிய சினிமாக் கொட்டகை கட்ட ஆரம்பித்தார். வந்த லாரி குடோன் பக்கமே திரும்பாமல் நேராக அங்கே போனது. இங்கே வீடுகளில் முகூர்த்த மூட்டை மட்டும் போய் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் வரவேண்டியது வரவில்லை.

அண்ணன் முதலாளியிடம் போய்க் கேட்டபோது நான் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி கோபித்துக்கொள்ளவே இல்லை, சிரித்துக்கொண்டே பேசினார். "எங்க போயிடுவாங்க? பொட்டு வெச்ச மூட்டை வீட்டுக்குள்ள உக்காந்துக்கினு இருக்குது. பூ வெச்ச பொண்ணு வேற எடம் பாக்குமா? காத்துக்கினு இருப்பாங்க. நல்ல யோசனைய்யா உன்னுது" என்றார்.

"அது கூட்டம் கொறையறதுக்கு முதலாளி. ஆளைக் கட்டிப்போடறதுக்கு இல்ல."

"ரெண்டுக்கும் ஆவுதே" என்றார் முதலாளி.

வெளியே வந்த அண்ணனின் முகத்தைப் பார்த்து நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் எத்திராஜுலு என்று ஒரு தறிக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மனைவி ரங்கம்மா. பழைய வீட்டில் மழைக்காலம் வந்தால் கூரை ஒழுகித் தறியில் இருக்கிற பட்டுப் பாவில் சொட்டும். ஒரு சொட்டு விழுந்தால் அந்தச் சேலை கெட்டது. வருஷா வருஷம் இந்தப் பாடு பட்டுச் சலித்துப்போய், இருந்ததை இடித்துவிட்டுச் சிமெண்டுத் தளம் போட்ட வீடாகக் கட்ட ஆரம்பித்தார்கள். தறியைப் பிரித்துச் சொந்தக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் சாத்தியிருந்தார்கள். தளம் ஏறினால்தான் தறி ஏறும், தறி ஏறினால்தான் அடுப்பு எரியும். சுவர் எழும்பி, முட்டுக் கொடுத்து, பலகை பரப்பி, கம்பியும் கட்டியாகிவிட்டது. அதோடு நின்றது. சிமெண்ட் இல்லை.

தளம் போடுவது, இட்லி ஊற்றுகிற மாதிரி ஒரு ஈடு இன்றைக்கு ஒரு ஈடு நாளைக்கு என்று செய்கிற காரியம் அல்ல. ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நின்றால் அந்த இடத்தில் காலம் பூராவும் ஒழுகும். அதனால் மொத்த மூட்டையும் கையில் இருந்தாக வேண்டும். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் மண்ணில் கட்டின சுவர். மேலே தளம் இல்லாமல் அடைமழையில் நனைந்தால் நிற்காது.

வாலாஜாபாத்தில் ஒரு கடையில் அப்போது சிமெண்ட் இறங்கியிருந்தது. லாரிக்காரர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு அண்ணன் எத்திராஜுலு வீட்டுக்குப் போனார். நானும் கூட இருந்தேன். எங்கள் கடையில் உங்களுக்கு இப்போதைக்கு வராது, வாலாஜாபாத்துக்கு உடனே ஆள் அனுப்புங்கள் என்று அடித்துச் சொன்னார்.

"ஏமய்யா, பொட்டு வெச்சுக் கொண்டாந்ததும் நீ, வேற கடைக்குப் போகச் சொல்றதும் நீயா?" என்றார் எத்திராஜுலு.

ரங்கம்மா இன்னும் தெளிவாகச் சொன்னார். "அந்த மூட்டை ஈசான மூலையில இருக்கிறவரைக்கும் வேற கடைச் சரக்கு இந்த வாசல் ஏறாது. நாங்க காத்துக்கினு இருக்கோம்."

இதே பதில்தான் மற்ற வீடுகளிலும். கடைக்குக் கொடுத்த முன்பணத்தையெல்லாம் எப்படியாவது பேசித் தீர்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கட்டிப்போட்டது அந்த ஒரு மூட்டைதான். அதற்குப் பொட்டு வைத்தது அண்ணனுடைய விரல்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாட்டைப் பூட்டச் சொன்னார். எங்கே என்றேன். மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வண்டியில் ஏறின பிறகுதான் நிஜம் என்று புரிந்தது.

"அண்ணே, இப்ப இன்னா நேரம் தெரியுமா?"

"உன் வண்டி சும்மா நிக்கிற நேரம்" என்றார்.

ராகு காலம். ஊரே சாமான் வாங்காத நேரம் என்பதால்தான் வண்டி சும்மா நின்றது. அத்தனை வருஷம் ஊருடைய நல்ல நேரம், கெட்ட நேரம் பார்த்துத்தான் அவர் குடோனை ஓட்டினார். அவருக்கு அது வண்டி ஒழிகிற நேரம், ஒழியாத நேரம், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் அது போதவில்லை. ஒரு மணி நேரம் பொறுத்துப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். நான் சொன்னேன். மழைக்கு ராகு காலம் தெரியுமா என்று கேட்டுவிட்டு, ஓட்டு என்றார்.

எத்திராஜுலு வீட்டில் முட்டுக் கம்புகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து, மூலையில் இருந்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். குங்குமம் காயாமல் இருந்தது. ரங்கம்மா தினமும் புதுசாக வைத்திருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை, ராகு காலம், வீட்டில் விளக்கு வைத்த மாதிரி இருந்த மூட்டை. அந்த அம்மாள் கத்தக்கூட இல்லை, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"தாலி மாதிரின்னு நீதானேப்பா சொன்னே. அதை அறுத்துக்கினு போறியே."

அண்ணன் மூட்டையை வண்டியில் இறக்கிவிட்டுத் திரும்பி நின்றார். "அறுத்தாச்சும்மா. இனிமே உங்களுக்கும் எங்க கடைக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. வாலாஜாபாத்துக்கு இன்னிக்கே ஆள் அனுப்புங்க" என்றார். அதை யார் கேட்டார்கள்? தெருவே கூடிவிட்டது. யாரோ ஒரு பிடி மண்ணை வாரி வண்டி மேல் போட்டார்கள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று ஒரு குரல். அதே தெருவில்தான் அவர் மூட்டை தூக்கி வரும்போது ஆலம் சுற்றுவார்கள்.

மூன்று வீட்டு மூட்டைகளை எடுத்தோம். நாலாவது வீட்டுக்குப் போகிற வழியில் முதலாளியின் மச்சான் சைக்கிளைக் குறுக்கே போட்டு வண்டியை நிறுத்தினார். சாயங்காலத்துக்குள் ஊருக்குக் கதை தயார். தேவசகாயம் வாடிக்கைக்காரர்கள் வீட்டு மூட்டையைத் திருட்டுத்தனமாக விற்கக் கொண்டுபோனார், கடைக்காரர்கள் வழியில் பிடித்துவிட்டார்கள். வேலையை விட்டு நிறுத்தியதோடு சரி, போலீசுக்குப் போகவில்லை. முதலாளிக்குப் பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள்.

ராகு காலத்தில் வெளியே போன மூட்டை திரும்ப வாசல் ஏறக்கூடாது என்று அந்த மூன்று வீட்டுக்காரர்களும் அழுதுகொண்டே வாலாஜாபாத்துக்குப் போனார்கள். சிமெண்ட் கிடைத்தது. மழைக்கு முன்னால் தளம் போட்டுவிட்டார்கள். மூட்டை பத்திரமாக இருந்த வீட்டுக்காரர்கள் பத்திரமாகக் காத்திருந்தார்கள். அடைமழை பிடித்து அவர்கள் சுவர்கள் உட்கார்ந்தன. ஒரு வீட்டில் ஈசான மூலையே மூட்டையின் மேல் சரிந்தது. வேடிக்கை என்னவென்றால், சுவர் விழுந்தவர்கள் இன்றைக்கும் முதலாளியைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எங்கள் மூட்டையையாவது காப்பாற்றிக் கொடுத்தாரே என்கிறார்கள். தளம் ஏறினவர்கள் அண்ணனைச் சபிக்கிறார்கள். அந்த வருஷம் எத்திராஜுலுவின் வயதான தாயார் தவறிப்போனார். அதுவும் அண்ணன் கணக்கில் ஏறியது.

நான் ஒவ்வொரு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னேன். கோயில் யானை வீடு கட்டப்போகிறது, அதற்குக் கம்பி கேட்டிருக்கிறார்கள் என்று ஒரு தெருவையே நம்பவைத்தவன் நான். இது உன் புதுக் கதையா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருவர், "இன்னொரு தரம் சொல்லுப்பா, எங்க அத்தையைக் கூப்பிடறேன்" என்றார்.

மூட்டை பிடுங்கி என்று அண்ணனுக்குப் பேர் வைத்தார்கள். அந்தப் பட்டம் நான் வைத்தது அல்ல. நான் வைத்த பேர் எனக்கும் குடோன்காரர்களுக்கும்தான் தெரியும். இது ஊருக்கே தெரிந்தது. தெருக்குழாயில் ஞானம்மா அக்கா குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகரும். மற்றக் கடைகள் எதிலும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. பாலாற்றங்கரையில் ஒரு செங்கல் சூளையில் காவலுக்கு உட்கார்ந்தார். அத்தனை வருஷம் குடித்த சிமெண்ட் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. சூளைப் புகை அதைக் கிளப்பிவிட்டது.

அங்கே போகும்போதெல்லாம் அவரைச் சிரிக்கவைக்கப் பார்ப்பேன். செங்கல்லுக்கும் பொட்டு வைத்துவிடலாமா என்பேன். இருமலுக்கு நடுவே சிரிப்பார். கடைசியாகப் பார்த்தபோது ஒன்று சொன்னார். பெரிய மனுஷர்களைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் விட்டுவிடுவார்கள். நான் விடப்போவதில்லை.

"பாதிரியார் வந்துட்டுப் போனாருடா. எல்லாரையும் மன்னிச்சிட்டியான்னு கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"முதலாளியை மன்னிச்சிட்டேன்னேன். அவன் யாவாரி, அவன் புத்தி அது. ரங்கம்மாவை மன்னிக்கலேன்னேன். மூணு வருசமா அந்தத் தளத்துக்குக் கீழ குந்திக்கினுதானேடா என்னைத் திட்டுது." கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "அதுக்குப் பாதிரியார் இன்னொரு ஜெபம் பண்ணாரு. அதுவும் பலிக்கல" என்றார்.

அடக்கத்தன்று காலையிலிருந்தே தூறல். முதலாளி டெம்போவில் ஒரு மாலை அனுப்பியிருந்தார், ஆள் உயரத்துக்கு, சம்பங்கியில். ஞானம்மா அக்கா அதைக் கையால் தொடவில்லை. மாட்டுக்குப் போடுப்பா என்றார். என் மாடுகளுக்காவது ரோஷம் இருக்கும் என்று பார்த்தேன். நார்கூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டன. மாட்டைச் சொல்லி என்ன செய்ய. அந்தக் கடையில் முகூர்த்த மூட்டை இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. முதலாளியின் மகன், தன் அப்பா கண்டுபிடித்தது என்று வெளியூர் வியாபாரிகளை உட்காரவைத்துச் சொல்கிறாராம்.

பெட்டியை என் வண்டியில் ஏற்றினோம். சபையார் கொஞ்சம் பேர், பழைய குடோன் ஆட்கள் கொஞ்சம் பேர், நம் சங்கத்தார். கல்லறைக்குப் போகிற வழி சின்ன காஞ்சிபுரத்துத் தறித்தெரு வழியாகத்தான். நாங்கள் தெருவுக்குள் திரும்பும்போது தூறல் மழையாகிவிட்டது. உள்ளே தறி அடிக்கிற சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. ஜனம் வாசலுக்கு வந்து, தளத்தின் விளிம்புக்குக் கீழே தண்ணீர் படாமல் ஒதுங்கி நின்று பார்த்தது. ஒருவரும் தெருவில் இறங்கவில்லை.

எத்திராஜுலு வீட்டுக்கு எதிரில் மாடுகளைக் கொஞ்சம் நிதானமாக விட்டேன். அவர் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு படி இறங்கினார். மழை அவர் தலையில் விழுந்தது. உள்ளேயிருந்து ரங்கம்மாவின் குரல் தெலுங்கில் கூப்பிட்டது: நனையறீங்களே, உள்ள வாங்க.

அவர் நிமிர்ந்து ஒருமுறை தன் தளத்தைப் பார்த்தார். துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தறி மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் தெரு முனைவரை எங்களோடு வந்தது.

அண்ணே, அந்தத் தெருவில் அன்றைக்கு ஒருவர்கூட நனைந்துகொண்டு நிற்கவில்லை, உங்களோடு வந்தவர்களைத் தவிர. எதையாவது சொல்லி உங்களைச் சிரிக்கவைக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வண்டியை ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. போய் வாருங்கள்.